பச்சை உடம்பும் பத்து நிமிஷமும்

(நம் முன்னாள் மாணவியர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 1985-ஆம் ஆண்டு விலங்கியல் பிரிவில் படித்து முடித்து, பின்னர் இயன்முறை மருத்துவரான நம் உறுப்பினர் ஆற்றிய உரை. தோழியர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பி.டி. பீரியட் வந்தால் "மிஸ், வயித்து வலி" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்காரும் கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் நான்தான் தலைவி. அந்தக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இப்போது இந்த ஹாலில் இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதும் எனக்குத் தெரிகிறது.

கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் செய்யவேண்டிய எளிய பயிற்சிகள். இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. "நமக்கெல்லாம் அறுபது வயசு ஆயிடுச்சு, இனிமே யாருக்கு இது?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத்தான். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தால் யார் வீட்டுக்கு வருகிறாள்? நம் வீட்டுக்கு. மருமகள் உண்டாகியிருந்தால் "மாடிப்படி ஏறாதே, கையைத் தூக்காதே" என்று சொல்வது யார்? நாம்தான். பிள்ளை பெற்ற அறைக்கு வாசலில் காவல் இருப்பது இன்றைக்கு நம்முடைய தலைமுறை. டாக்டரம்மா ஒன்று சொல்வார், வீட்டில் நாம் ஒன்று சொல்வோம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள், வீட்டில் நாற்பது நாள். ஆகவே நாம் சொல்வதுதான் நடக்கும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஒரு தோழியின் கதை

நம் செட்டில் ஒருத்தி மூன்று சந்திப்புகளுக்கு வரவில்லை. ஒருமுறை மகளுக்குப் பரீட்சை என்றாள், ஒருமுறை மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். மூன்றாவது முறை நான் விடவில்லை. போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "பஸ்ல மூணு மணி நேரம் வரணும். நடுவுல நிறுத்த மாட்டான். அப்புறம் அங்க வந்தா நீங்க எல்லாரும் சிரிக்க வைப்பீங்க. எனக்குச் சிரிச்சா நிக்காது, தெரியுமா?"

எனக்குப் புரிந்தது. உங்களில் பலருக்கும் இப்போது புரிந்திருக்கும். தும்மினால், இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் இரண்டு சொட்டுச் சிறுநீர் தன்னால் வந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை வருகிறது. ஆனால் பலர் இதை வெளியே சொல்வதில்லை. அடர்ந்த நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு, "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்" என்று காலத்தை ஓட்டிவிடுகிறோம். முப்பது வருஷம் இப்படி ஓட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அவள் பெயரைச் சொல்லாமல் இதைப் பேச அவளே அனுமதி தந்திருக்கிறாள்.

என் கதை

ஊரார் கதையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. என் கதையையும் சொல்கிறேன். எனக்கு முதல் குழந்தை பிறந்தது 1990-இல். அப்போது நான் இயன்முறை மருத்துவம் படித்து முடித்து வேலையில் சேர்ந்துவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு என்ன பயிற்சி என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். ஆனால் அம்மா வீட்டில் படுத்ததும் படிப்பெல்லாம் மறந்துபோயிற்று. "பச்சை உடம்புக்காரி, காலைக் கீழே வைக்காதே, ஜன்னி வந்துரும்" என்றாள் அம்மா. பழைய நூல்புடவையை நாலாய் மடித்து வயிற்றை இறுக்கிக் கட்டினாள். தண்ணீர் கேட்டால் சின்ன டம்ளரில் வெந்நீர், அதுவும் பாதி. நாற்பது நாள் அப்படியே கிடந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. கண்ணாடியில் வயிற்றைப் பார்த்து அழுகை வந்தது. அறுபதாவது நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினேன். மல்லாந்து படுத்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் தும்மினால் புடவை நனைய ஆரம்பித்தது.

யாரிடம் சொல்வது? நானே இதற்கு வைத்தியம் சொல்கிறவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று வருஷம் மூடி வைத்தேன். கடைசியில் என்னுடன் வேலை பார்த்த மூத்த அக்கா ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன்கிட்ட வர்ற பேஷண்ட்டுக்கு என்ன சொல்லுவியோ, அதை உனக்கும் சொல்லிக்கோ" என்றார். நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன், சரியாயிற்று. நாலு மாதத்தில் தீரக்கூடியதை மூன்று வருஷம் சுமந்திருக்கிறேன்.

ஆகவே தோழியரே, தப்பு இரண்டு பக்கமும் உண்டு. அசையாமல் கிடந்ததும் தப்பு, திடீரென்று எழுந்து குதித்ததும் தப்பு.

அந்த நாற்பது நாள்

இதைச் சொன்னவுடன் "பழைய காலத்துப் பைத்தியக்காரத்தனம்" என்று நம் அம்மாக்களைத் திட்டிவிடாதீர்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி சோழவந்தான் பக்கம். எட்டாம் மாதம் வரை வயலில் நாற்று நட்டவள். ஆறு பிள்ளை பெற்றாள். வருஷம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த அந்த மனுஷிக்கு, ஒருத்தர் உட்கார வைத்துக் கையில் சோறு கொடுத்தது பிள்ளை பெற்ற அந்த நாற்பது நாள்தான். தீட்டு என்று பெயர் சொல்லியாவது அவளுக்கு ஒரு லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது ஓய்வு, அதைக் கொடுத்தார்கள்.

நம் பெண்கள் நிலைமை வேறு. ஆபீஸில் நாற்காலி, வீட்டில் சோபா, உண்டானது தெரிந்த நாளிலிருந்து படுக்கை. ஓய்வுக்குப் பஞ்சமில்லை, அசைவுக்குத்தான் பஞ்சம். அதற்காக நாற்பது நாளை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது நல்ல ஏற்பாடு, அப்படியே இருக்கட்டும். அதற்கு உள்ளே தண்ணீரையும் அசைவையும் சேர்த்துவிடுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படி என்பதற்கான விளக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தலையில் செங்கல் சுமக்கும் பெண்ணும், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணும் உண்டாகியிருந்தால், அவர்களிடம் போய் "வாக்கிங் போம்மா" என்று சொல்லக்கூடாது. அவர்களுக்கு இன்னமும் பாட்டிக்குக் கொடுத்த ஓய்வுதான் வேண்டும். நம் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணும் இதில் சேர்த்தி.

டாக்டர்களும் மாறினார்கள்

கர்ப்பிணி உடற்பயிற்சி செய்யலாமா என்பதில் மருத்துவ உலகமே தயங்கித் தயங்கித்தான் மாறியது. நாம் பட்டம் வாங்கிய அதே 1985-இல், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் ஒரு விதி போட்டது. கர்ப்பிணியின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக்கூடாது, கடினமான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றது. 1994-இல் அந்த 140 கணக்கை அவர்களே எடுத்துவிட்டார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு செய்யவேண்டும் என்று சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை செய்தாலும் கணக்கில் சேரும்.

இதனால் என்ன லாபம்? உடம்பு அளவுக்கு மீறிப் பருப்பது குறைகிறது. கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு குறைகிறது. மனச்சோர்வு குறைகிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான பயிற்சியால் கரு கலையாது, குறைமாதப் பிரசவமும் ஆகாது. நம் வீடுகளில் இருக்கும் பெரிய பயமே இதுதான் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு வாக்குறுதி மட்டும் தரமாட்டேன். "குனிந்து பெருக்கினால் சுகப்பிரசவம்", "வாக்கிங் போனால் நார்மல் டெலிவரி" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பயிற்சி செய்த பெண்ணுக்கும் சிசேரியன் ஆகலாம். "நீ ஒழுங்கா நடக்கலை, அதான்" என்று அவளைக் குத்திக் காட்டாதீர்கள்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதற்கு நம் நாட்டில் வழிகாட்டியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-உம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்களுக்குச் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது நல்ல உதவி. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புகிற நாம், சாப்பிட்டதும் அவளைக் கட்டிலுக்கு அனுப்பாமல் கூடவே இரண்டு சுற்று நடந்து வரலாம்.

எப்படித் தொடங்குவது?

முதலில் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். உதிரப்போக்கு இருப்பவர்கள், நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், பனிக்குடம் கசிபவர்கள், குறைமாதத்தில் வலி வந்தவர்கள், கர்ப்பகால ரத்த அழுத்தம் கடுமையாக இருப்பவர்கள், இதயம் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு நான் சொல்வது பொருந்தாது. ரத்தசோகையையும் மறந்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவளுக்கு முதலில் இரும்புச்சத்து, அப்புறம்தான் நடை.

இதுவரை எதுவுமே செய்யாதவள் ஐந்து நிமிஷ நடையில் தொடங்கலாம். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. உடம்பு ஒத்துக்கொண்டால் வாராவாரம் கொஞ்சம் கூட்டலாம். அளவு தெரிந்துகொள்ள மெஷின் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பேச்சே திணறினால் வேகம் அதிகம். ராகம் போட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது.

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது, தெப்பக்குளத்தைச் சுற்றி வாருங்கள் என்பதுதான். வெளிச்சம் உண்டு, சமதரை உண்டு, கால் ஓய்ந்தால் உட்கார இடம் உண்டு. சித்திரை வெயிலில் மட்டும் விடிகாலையிலேயே முடித்துவிட வேண்டும். கர்ப்பிணியின் உடம்பு அதிகமாகச் சூடேறக்கூடாது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், காலில் வழுக்காத செருப்பு.

வீட்டுக்குள் செய்ய மூன்று அசைவுகள் போதும். ஒன்று, உட்கார்ந்துகொண்டு பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைப்பது. கால் வீக்கத்துக்கு நல்லது. இரண்டு, தவழும் குழந்தை மாதிரிக் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்துப் பிறகு நேராக்குவது. பத்துத் தடவை செய்தால் இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும். மூன்று, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சமாக மடித்து இறங்கி எழுவது, தொடைக்குப் பலம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நாலைந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். வளர்ந்த கருப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாயை அழுத்திவிடும், தலை சுற்றும். இடது பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. குதிப்பது, சட்டென்று திரும்புவது, விழக்கூடிய எதுவும் வேண்டாம். கர்ப்பத்தில் மூட்டுக்களைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு முன்னால் வருவதால் உடம்பின் நிலையும் மாறுகிறது. மூச்சை அடக்கிச் செய்யும் யோகப் பயிற்சிகளும் அப்போது வேண்டாம்.

நடுவில் உதிரம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, கடுமையான தலைவலி, மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்பது கூடாது.

பிள்ளை பெற்ற பிறகு

இங்கேதான் நாம் அதிகம் தடுக்கிறோம். பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடாமல் இருக்க, ரத்தத்தின் உறையும் தன்மையை இயற்கையே கர்ப்ப காலத்தில் கூட்டி வைக்கிறது. பிரசவம் முடிந்தும் ஆறு வாரம் வரை அது முழுக்க இறங்குவதில்லை. அந்த நேரத்தில் அசையாமல் படுத்திருந்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்பது இதற்காகத்தான். அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

நார்மல் டெலிவரி ஆனவள் அன்றிலிருந்தே பாதத்தை அசைக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடலாம், அறைக்குள் நடக்கலாம். சிசேரியன் ஆனவள் ஆஸ்பத்திரியில் சொல்கிறபடி எழுந்து நடக்கவேண்டும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழவேண்டும். இருமல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு இருமலாம். ஆறு வாரம் வரை குழந்தையின் எடையை விடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடக்கம்.

வயிற்றுக் கட்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். தளர்வாகக் கட்டினால் முதுகுக்கு ஆதரவு, தையல் வலிக்குக் கொஞ்சம் இதம். அவ்வளவுதான். துணி தசையை வலுவாக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசைகளை இன்னும் தள்ளும். வயிற்றின் நடுவில் இரண்டு பக்கத்துத் தசைகளும் கர்ப்பத்தில் விலகியிருக்கும். அவை சேர்வதற்கு முன்னால் நான் செய்த மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தால் நடுவயிறு கூடாரம் மாதிரிப் புடைக்கும். மூச்சை வெளியே விடும்போது தொப்புளை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்வதுதான் முதல் பயிற்சி.

குழந்தை பிறந்து மூன்று மாதமாவது ஆகாமல் ஓடவோ குதிக்கவோ வேண்டாம் என்று பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. அதுவரை நடை போதும். நடந்த அன்றைக்கு உதிரம் மறுபடி சிவப்பாக அதிகம் பட்டால், அளவு மீறிவிட்டது என்று உடம்பு சொல்கிறது, குறைத்துக்கொள்ள வேண்டும். குறையாவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும்.

"உடம்பை அலட்டினால் பால் வத்திடும்" என்பது இன்னொரு பயம். மிதமான பயிற்சியால் பால் குறையாது, கெடவும் செய்யாது. குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காமல் நடக்கச் சௌகரியம். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர்தான் முக்கியம். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல். முக்கினால் அடித்தசைக்குத்தான் சேதம்.

வெளியே தெரியாத பயிற்சி

இப்போது அந்த அடித்தசைகளுக்கு வருவோம். இடுப்பு எலும்பின் அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை, தூளி கட்டினாற்போல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பத்து மாதம் கனம் தாங்கி, பிரசவத்தில் இழுபட்டு, அது தளர்ந்து போகிறது. அதை மறுபடி வலுப்படுத்தலாம் என்று 1948-இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதினார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் இந்தப் பயிற்சி வழங்குகிறது.

செய்முறை இதுதான். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலவும், சிறுநீரை நிறுத்துவதுபோலவும் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூன்று எண்ணும் வரை பிடித்து, மெல்ல விடுங்கள். விடுவதும் பயிற்சிதான், முழுக்க விடவேண்டும். எட்டிலிருந்து பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பலம் வரவரப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். மூச்சை அடக்கக்கூடாது, தொடையையும் பின்புறத்தையும் இறுக்கக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. கர்ப்பத்திலேயே தொடங்கலாம். பிரசவமானவள் வலி அனுமதித்தால் ஓரிரு நாளிலேயே தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் எடுத்த பிறகுதான். பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இதைப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம். ஏன், இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டே இந்த ஹாலில் பாதிப்பேர் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தைச் சுளிக்காமல் செய்யுங்கள், அவ்வளவுதான்!

அம்மா எண்ணினாள்

1994-இல் எனக்கு இரண்டாவது குழந்தை. அதே அம்மா வீடு, அதே அறை. இந்த முறை நான் முதல் நாளே பேசிவிட்டேன். "அம்மா, நாற்பது நாளும் இங்கேயே இருக்கேன். நீ சொல்ற பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிடுறேன். வெளிய தெருவுல போகமாட்டேன். எனக்குத் தண்ணி மட்டும் கேட்டப்பல்லாம் கொடு. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், என்னை என் போக்குல விடு. அந்த நேரம் பிள்ளையை நீ வச்சுக்கோ."

அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் பாதத்தை அசைத்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவளே எண்ண ஆரம்பித்தாள். பத்தானதும் "போதும், படு" என்றாள். நாற்பது நாளும் அப்படித்தான். ஒருநாள் எண்ணிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எனக்கு நாலு பிள்ளைக்கு அப்புறம் இருமினா வந்துரும். இதைச் செஞ்சா எனக்கும் நிக்குமாடி?"

அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். அவளுக்கு முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் குறைந்தது. திருவிழாக் கூட்டத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். ஆகவே நமக்கு வயதாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அறுபதிலும் அந்தத் தசை சொன்னபடி கேட்கும். கேட்காவிட்டால் டாக்டரிடம் போனால் மற்ற வைத்தியங்களும் இருக்கின்றன.

தோழியரே, பச்சை உடம்புக்காரிக்குப் பயிற்சி சொல்லித்தர நாலு பேர் இருக்கிறார்கள். செய்வதற்குப் பத்து நிமிஷம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. குழந்தை அழுகிறது, விருந்தாள் வந்திருக்கிறார்கள், பாட்டில் கழுவ வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் குழந்தையை வாங்கிக்கொள்வது நம் வேலை. மருமகனையும் மகனையும் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதும் நம் வேலை. அவள் எப்போதும் அழுதுகொண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தால், "சோம்பேறித்தனம்" என்று சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போவதும் நம் வேலைதான். அந்த நிலைக்கு நடை உதவும், ஆனால் நடை மட்டும் போதாது. முக்கியமாக, "உனக்குத் தும்மினா வருதா?" என்று அவளிடம் ஒரு தடவை நாமாகக் கேட்டுவிடுங்கள். நம்மை யாரும் கேட்கவில்லை.

மூன்று சந்திப்புக்கு வராத தோழியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஐந்து மாதமாகப் பயிற்சி செய்கிறாள். இன்று வந்திருக்கிறாள். எந்த வரிசை என்று சொல்லமாட்டேன். பஸ் நடுவில் ஒரு தடவைதான் நின்றதாம், அதுவும் டீ குடிக்க.